கிராம சபை ரிவ்யூ: அஞ்சுக்கு மூணரை ஸ்டார், டீ ஃப்ரீ

இடம், பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துல உள்ள சமுதாய நலக்கூடம். கட்டணம் கிடையாது. நேரம் காலைல 11 மணின்னு நோட்டீஸ்ல போட்டிருக்கும், ஆரம்பிக்க பதினொண்ணரை ஆகும். யாரு போலாம்னா அந்த பஞ்சாயத்து வோட்டர் லிஸ்ட்ல பேரு இருக்குற எல்லாரும் போலாம். ஸ்கூட்டி விட இடம் இருக்கு, காருன்னா ரோட்டோரமா தான் விடணும், பின்னாடி பஸ் வந்தா ஹாரன் அடிச்சே கூட்டத்த கலைச்சிருவான்.

சர்வீஸ் பேரு கிராம சபை, ஊரு வோட்டர் எல்லாரும் கூடி பேசி தீர்மானம் போடுற கூட்டம். வருஷத்துக்கு 6 தடவ நடக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்னாடி 4 தான் இருந்துச்சு, 2022ல தான் மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேத்து 6 ஆக்குனாங்க. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பல வருஷமாச்சு, கன்னியாகுமரி ஜில்லா தக்கலைல ஒரு மெடிக்கல் ஸ்டோர்ல வேலை, இதுல பாதி தேதி எனக்கு லீவு நாளு, லீவு நாளுன்னா துணி துவைக்கணும் மீன் வாங்கணும் மாமியாருக்கு பிரஷர் பாக்கணும், இப்படி ஒரு கூட்டம் நம்ம வீட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல நடக்குன்னு காதுல விழுந்திருக்கு, அவ்வளவு தான்.

என்னைய அங்க போக வச்சது ஒரு கட்சிக் கூட்டம். அதனால அதுக்கும் சேத்தே ரிவ்யூ போட்டிருதேன். எந்த கட்சின்னு சொல்ல மாட்டேன், சொன்னா மத்தத விட்டுட்டு அத பிடிச்சு தான் சண்ட போடுவீங்க.

எங்க மைனி (அண்ணிய நாங்க அப்படி தான் கூப்பிடுவோம்) மகளிர் குழுவுல இருக்காங்க. "ஏ பிள்ளே, நாகர்கோவில் நாகராஜா திடல்ல கூட்டமாம், வேன் போகுது, நீயும் வா, கூட்டம் முடிய முன்னாடி மீனாட்சிபுரத்துல இறங்கி நைட்டி எடுத்துட்டு வந்திருவோம்"னாங்க. நைட்டிக்காக தான் போனேன், மறைக்க என்ன இருக்கு. அஞ்சு மணி கூட்டம்னு பிளக்ஸ்ல இருந்துச்சு. நாங்க போனப்போ சிங்காரி மேளம் அடிச்சுட்டு இருந்தாங்க, பெரிய எல்.இ.டி ஸ்க்ரீன், வரிசையா பிளாஸ்டிக் சேர், சேருக்கு ஒரு கொடி. தலைவர் திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல இறங்கி ரோட்டு வழியா வாறாராம். மைக்ல ஒருத்தர் அரை மணிக்கு ஒரு தடவ அறிவிப்பு குடுத்தாரு, தலைவர் களியக்காவிளை தாண்டிட்டார், தலைவர் குழித்துறை வந்துட்டார், தலைவர் மார்த்தாண்டம் பாலத்துல இருக்கார்னு. நம்ம ரோட்டு லட்சணம் தெரிஞ்சவங்களுக்கு மார்த்தாண்டத்துல இருக்காருன்னா இன்னும் எவ்வளவு நேரம்னு தெரியும். பக்கத்து சேர்ல இருந்த பாட்டி, 1969 இடைத்தேர்தல்ல காமராஜர் இங்க நின்னப்போ பாத்த கூட்டத்த பத்தி கத சொல்லிட்டே இருந்தாங்க, அது நல்லா இருந்துச்சு. அப்புறம் சால்வை. மாவட்டம் ஒன்றியத்துக்கு, ஒன்றியம் நகரத்துக்கு, நகரம் மகளிரணிக்கு, ஒவ்வொருத்தருக்கா போத்தி போட்டோ எடுத்து முடிக்கவே ஒரு யுகம். பொம்பளைங்களுக்கு ஒரு டாய்லெட் ஏற்பாடு கிடையாது, இத்தன பேர வேன்ல ஏத்தி கொண்டு வாறவங்களுக்கு இது கூடவா தோணாது. சுக்கு காப்பி ஃப்ரீ, ரசவடை நம்ம காசு.

தலைவர் வர லேட்டாக ஆக, லோக்கல் ஆளுங்கள மாத்தி மாத்தி பேச விட்டாங்க, நேரத்த ஓட்டணுமே. அதுல ஒரு பெரியவர் ஏறுனாரு. சால்வை இல்ல, ஒரு மஞ்சப்பை, நாலா மடிச்ச ஒரு பேப்பர், வாத்தியார் மாதிரி கண்ணாடிய மூக்கு நுனில வச்சிட்டு பாத்தாரு. "அன்பார்ந்த" "அஞ்சா நெஞ்சன்" ஒண்ணும் இல்ல. நேரா, "இதுல எத்தன பேரு உங்க ஊரு கிராம சபைக்கு போயிருக்கியோ, கைய தூக்குங்க பாப்போம்"னு கேட்டாரு. அவ்வளவு பெரிய திடல்ல அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு கை தூக்குனாங்க. மேடைல இருந்தவங்கள்ல பாதி பேரு தூக்கல, அத ஸ்க்ரீன்ல பெருசா காட்டிட்டான் அந்த கேமரா பையன். "இருபது கிலோமீட்டர் வேன்ல வந்து என் பேச்ச கேக்கியோ, வீட்டுல இருந்து நடந்து போனா நீங்க பேசலாம், மத்தவன் கேட்டாகணும், அதுக்கு போக மாட்டியளாக்கும்"னாரு.

அப்புறம் நவம்பர் 1க்கு வந்தாரு. நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேந்தது 1956 நவம்பர் 1, அது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு போராடுன நேசமணி பேரு சொன்னா கை தட்டுவோம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1954 ஆகஸ்ட் 11, தமிழ்நாட்டோட சேக்கணும்னு மார்த்தாண்டத்துலயும் புதுக்கடைலயும் கூடுனவங்கள போலீஸ் சுட்டதுல ஆளுக செத்தாங்க, அதுவும் ஸ்கூல்ல படிச்சது தான். ஆனா அவரு அதுல இருந்து இங்க வந்தாரு பாருங்க: "அன்னைக்கு கூட்டம் கூடுனவனுக்கு குண்டு கிடச்சுது, இன்னைக்கு அதே நவம்பர் 1ல சர்க்காரே கூட்டம் போட்டு டீயும் தருது, நமக்கு போக நேரம் இல்ல". திடல்ல சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல, சுருக்குன்னு இருந்துச்சு.

அதோட விட்டிருந்தா நானும் மறந்திருப்பேன். மஞ்சப்பைக்குள்ள இருந்த பேப்பர விரிச்சு சட்டத்த சொல்ல ஆரம்பிச்சாரு. 73வது திருத்தம், அரசியல் சட்டத்துல 243ஏ, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, அதுல 3வது பிரிவு, இதுல எல்லாம் கிராம சபை இருக்குன்னாரு. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரா 2024 நவம்பர்ல ஊரூரா கிராம சபைல தீர்மானம் போட்டாங்க, போராட்டமும் நடந்துச்சு, 2025 ஜனவரில மத்திய அரசு ஏலத்த ரத்து பண்ணிச்சு. தீர்மானம் மட்டும் போட்டா ரத்தாகாது, ஆனா தீர்மானம் இல்லாம போராடுனா "நாலு பேரு கத்துறான்"னு சொல்லிருவான், தீர்மானம் இருந்தா "இந்த ஊரு சொல்லுது"ன்னு ஆகும்னாரு. நம்ம கிள்ளியூர் தாலுகா கடக்கரைல 1144 ஹெக்டேர்ல அணுக் கனிம மணல் எடுக்குற திட்டத்த பத்தியும் ஒரு வார்த்த சொல்ல வாய திறந்தாரு, அதுக்குள்ள தலைவர் வந்துட்டார்னு மேளம் தட்டிட்டான், மைக்க புடுங்காத குறையா வாங்கிட்டாங்க. பெரியவர் பேப்பர மடிச்சு பைக்குள்ள வச்சிட்டு படி இறங்கி போனாரு. தலைவர் என்ன பேசுனாருன்னு கேட்டா எனக்கு ஞாபகம் இல்ல, குரல் நல்ல குரலு.

கட்சிக் கூட்டத்துக்கு ரெண்டு ஸ்டார், அந்த ரெண்டும் பெரியவருக்கு.

வேன்ல திரும்பும்போது மைனியும் நானும் இதே பேச்சு தான். எங்க தெரு மேட்டுத் தெரு, லைன் தண்ணி கீழ உள்ள வீடுகளுக்கு பாஞ்சுட்டு எங்களுக்கு வரும்போது டேங்க் காலி, குழாய திறந்தா காத்து தான் வரும். மழைக்கு குறைவில்லாத ஜில்லா, ரெண்டு பருவமழையும் நமக்கு உண்டு, ஆனா குடத்த இடுப்புல வச்சிட்டு கீழ இறங்கி கிணத்துல கோரி மேல ஏறணும். வாட்ஸப் குரூப்ல இத பத்தி எத்தனையோ தடவ போட்டாச்சு, கும்பிடு ஸ்டிக்கரும் கோவ ஸ்டிக்கரும் வந்ததோட சரி. அடுத்தது ஊருக்கு நடுவுல உள்ள குளம், முழுக்க ஆகாயத்தாமரை, நான் வந்த புதுசுல அதுல குளிச்சிருக்கேன், இப்போ கால் வைக்க முடியாது. மூணாவது தெருவிளக்கு, அது மைனியோட டிபார்ட்மென்ட்.

ஆகஸ்ட் 15க்கு போறதுன்னு முடிவு பண்ணுனோம். கூட்டத்துக்கு 7 நாள் முன்னாடியே நோட்டீஸ் விடணும்கிறது விதி. எங்க பஞ்சாயத்துல நோட்டீஸ் இருந்துச்சு, ஆபீஸ் சுவத்துல, அதுவும் கொசு ஒழிப்பு போஸ்டருக்கு பக்கத்துல, பாக்கணும்னு போனா தான் கண்ணுல படும்.

இனி சர்வீஸுக்கு வாறேன்.

உள்ள போன உடனே ஒரு நோட்டு, பேரு எழுதி கையெழுத்து போடணும். நூறு நாள் வேலைக்கு போற அக்காமார் முன்வரிசைல, அவங்கள மேஸ்திரி கூட்டிட்டு வந்திருந்தாங்க. கையெழுத்து போட்ட உடனே பாதி பேரு எழும்பி போக பாத்தாங்க. ஏன்னா கோரம், அதாவது கூட்டம் செல்லணும்னா இத்தன பேரு இருக்கணும்கிற கணக்கு. ஊரு ஜனத்தொகை 500 வரைன்னா 50 பேரு, 3000 வரை 100, 10,000 வரை 200, அதுக்கு மேலன்னா 300 பேரு இருக்கணும். எங்க ஊருக்கு 200. நோட்டுல 200 தாண்டியிருக்கும், சேர்ல அத்தன பேரு இல்லங்கிறத எண்ணி பாக்காமலே சொல்லலாம். இதுக்கு அரை ஸ்டார் குறைக்கிறேன். ஆனா அந்த அக்காமார குத்தம் சொல்ல மாட்டேன், கையெழுத்து போட்டா போதும்னு தான் அவங்கள்ட்ட சொல்லி வச்சிருக்கு, நீங்களும் பேசலாம்னு ஒருத்தரும் சொல்லல.

மேடைல தனி அலுவலர் சார்பா ஒருத்தர். நம்ம ஜில்லால ஊராட்சி தலைவர் வார்டு மெம்பர் எல்லாருக்கும் 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் சர்க்கார் போட்ட தனி அலுவலர் ஆட்சி. அதனால "உங்களுக்கு ஓட்டு போட்டோமே"ன்னு கேக்க ஆள் கிடையாது. கூடவே ஒன்றியத்துல இருந்து அனுப்புன பற்றாளர், கூட்டம் ஒழுங்கா நடக்கான்னு பாக்குறதுக்கு, அவரு பாவம் ஒரு ஓரமா உக்காந்து விசிறிட்டு இருந்தாரு, ஃபேன் ஓடல. அப்புறம் நம்ம ஊராட்சி செயலர், ஊருல எல்லாரும் கிளார்க்னு தான் சொல்லுவோம். அவரு பொருள் வாசிச்சாரு. ஊராட்சி நிர்வாகம் பொது நிதி செலவினம், தணிக்கை அறிக்கை, டெங்கு தடுப்பு, நூறு நாள் வேலை, ஜல் ஜீவன், வளர்ச்சித் திட்டம்னு வரிசையா, மூச்சு விடாம, கல்யாண வீட்டுல மொய் வாசிக்கிற ஸ்பீடு. ஒவ்வொண்ணு முடியவும் "ஒப்புதல் தானே"ன்னு நிமிந்து பாக்குறாரு, முன்வரிசைல ஒருத்தர் கை தட்டுறாரு, அடுத்தது.

நான் எழும்பவா வேண்டாமான்னு பாத்துட்டே இருக்கேன், மைனி எழும்பிட்டாங்க. நான் சொன்னேன்ல தெருவிளக்கு அவங்க டிபார்ட்மென்ட்னு. கைல டெய்லி காலண்டர்ல கிழிச்ச தாளு, அதோட பின்பக்கம் பென்சில்ல எங்க ஏரியா ஈ.பி போஸ்ட் நம்பர் எல்லாம் எழுதி, எரியுறதுக்கு டிக், எரியாததுக்கு வட்டம். ராத்திரி டார்ச் அடிச்சு போஸ்ட் போஸ்ட்டா போய் நம்பர பாத்து எழுதியிருக்காங்க, எனக்கே சொல்லல. சுவத்துல வரவு செலவு கணக்கு பிளக்ஸ் ஒட்டியிருந்துச்சு, அதுல தெருவிளக்கு பராமரிப்புன்னு ஒரு தொகை. மைனி அத கை காட்டி, "சாரே, இந்த ரூவா செலவாயாச்சுன்னு எழுதியிருக்கு, சந்தோஷம். இன்ன இன்ன போஸ்ட்டுல பல்பு எரியல, இதுல எதுலயாவது மாத்துனியளா, மாத்துன போஸ்ட் நம்பர் மட்டும் வாசிங்க, நான் டிக் போட்டுகிடுதேன்"னாங்க. கூடம் அப்படியே அமைதியாச்சு. கிளார்க் பற்றாளர பாக்காரு, பற்றாளர் விசிறுறத நிறுத்திட்டாரு. கத்தல, திட்டல, "ஊழல்"னு ஒரு வார்த்த கிடையாது, நம்பர் தான் கேட்டாங்க. நம்பர் இல்ல அவங்க கைல. அந்த வாரமே வட்டம் போட்ட போஸ்ட்டுல எல்லாம் பல்பு வந்துட்டு, ஒரே ஒரு போஸ்ட் மட்டும் இன்னும் எரியல, அதுல ஒயரே இல்லையாம்.

இந்த ஜில்லா 2011 சென்சஸ்ல 91.75 சதவீதம் எழுத்தறிவுன்னு தமிழ்நாட்டுலயே முதலிடம், அன்னைக்கு அந்த பிளக்ஸ வரி வரியா வாசிச்சது எட்டாங்கிளாஸ் வரை படிச்ச எங்க மைனி. படிச்ச அண்ணன்மார் எல்லாம் வாசல்ல நின்னு பைக்ல சாஞ்சிட்டு "இதெல்லாம் கண்துடைப்பு"ன்னு பேசிட்டு இருந்தாங்க. கண்துடைப்புன்னா உள்ள வந்து சொல்லுங்க அண்ணே, மினிட்ஸ்ல ஏறட்டும்.

அப்புறம் நான் எழும்பி தண்ணி விஷயத்த சொன்னேன். வெரசா "ஆமா ஆமா நியாயமான கோரிக்கை"ன்னு தலையாட்டிட்டு கிளார்க் எழுதிட்டாரு. நான் உக்காரல, எழுதுனத வாசிங்கன்னேன். "பொதுமக்களுக்கு சீரான குடிநீர் வழங்க நடவடிக்கை எடுக்க" அப்படின்னு எழுதியிருக்காரு. கேக்க நல்லா தான் இருக்கு. எந்த தெரு? எங்க இருந்து எங்க வரை? எந்த டேங்க் லைன்? ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஓவர்சியர் வந்து எங்க தெருவ பாக்காம கீழத்தெருல ஒரு குழாய போட்டுட்டு போனா அதுவும் இந்த தீர்மானப்படி தான். பெரியவர் திடல்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு, தீர்மானத்துல இடம் இருக்கணும், அளவு இருக்கணும், இல்லன்னா அது வாழ்த்துப்பாட்டு தான்னு. அதனால மாத்தி எழுத சொன்னேன்: மேல்நிலைத் தொட்டில இருந்து வாற லைன்ல, ஆலமூட்டு வளைவுல தொடங்கி மேட்டுத் தெரு கடைசி வீடு வரைக்கும், தனி வால்வு போட்டு, மேட்டுக்கு தனி நேரம் வச்சு தண்ணி விடணும். கிளார்க்குக்கு கடுப்பு, "அம்மா அதெல்லாம் எஸ்டிமேட் போடும்போது எழுதுவாங்க"ன்னாரு. பற்றாளர் தான் "எழுதுங்க சார், ஜனங்க சொல்றத தான எழுதணும்"னாரு. அந்த மனுஷனுக்கு தனியா ஒரு ஸ்டார். முன்வரிசை அக்காமார்ல எங்க தெரு ஆளுக ரெண்டு பேரு எழும்பி போகாம இருந்தது பெரிய உதவி, அவங்க போயிருந்தா நான் மட்டும் நின்னு கத்துன மாதிரி ஆயிருக்கும்.

டீயும் வாழக்காப்பமும் வந்துச்சு. டீ சுமார், வாழக்காப்பம் சூப்பர், ஏத்தம்பழம் நல்லா பழுத்தது. டீ வந்த உடனே கூட்டம் கலைஞ்சிரும், அதனால முக்கியமான விஷயம்னா டீக்கு முன்னாடி பேசிருங்க, இது என்னோட டிப்ஸ்.

குளம் விஷயம் தான் பருப்பு வேகல. அத எடுத்த உடனே அது எங்க லிமிட் இல்லன்னாங்க. யாரு லிமிட்டுன்னா அத பாத்து தான் சொல்லணுமாம். குளம் எந்த டிபார்ட்மென்ட் கணக்குல இருக்குன்னு தெரிஞ்சா தான் அடுத்த அடி வைக்க முடியும். கிராம சபையோட எல்லையும் அது தான்னு நினைக்கேன், பஞ்சாயத்து கைல உள்ளத அங்கயே பிடிச்சு உலுக்கலாம், வேற டிபார்ட்மென்ட்னா தீர்மானத்த அனுப்பி வைப்பாங்க, அங்க அது மேசைல கிடக்கும், நாம பின்னாடியே போகணும்.

பின்னாடி போறதுக்கு ஒரு வழி இருக்கு, அதையும் சொல்லிருதேன், ஏன்னா இந்த சர்வீஸ் அது இல்லாம பாதி தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அக்டோபர் 12ல இருந்து அமல்ல இருக்கு. ஒரு வெள்ள பேப்பர், பொதுத் தகவல் அலுவலர்னு அட்ரஸ் போட்டு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, இன்ன தேதி கிராம சபை தீர்மானத்தோட நகல் வேணும், அது மேல எடுத்த நடவடிக்கைக்கான பேப்பர் நகல் வேணும்னு எழுதுனேன். தக்கலை கோர்ட் பக்கம் ஸ்டாம்பு கிடைக்கும், மதியம் சாப்பாட்டு நேரத்துல வாங்கிட்டு வந்தேன். ஏன் எப்போன்னு கேள்வி கேக்காதீங்க, பேப்பர கேளுங்க, கேள்விக்கு பதில் சொல்லாம நழுவலாம், இருக்குற பேப்பர இல்லன்னு சொல்றது கஷ்டம். 30 நாள்ல பதில் தரணும், தரலன்னா அதே ஆபீஸ்ல மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கு 30 நாள் டைம், அதுக்கும் மேலன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையத்துக்கு. காரணமில்லாம லேட் பண்ணுனா ஆணையம் அந்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபா, கூடிப்போனா 25,000 ரூபா வரை அபராதம் போடலாம். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கல, டைமுக்குள்ள நகல் வந்துச்சு, ஆலமூட்டு வளைவு அதுல அப்படியே இருந்துச்சு. வீட்டுக்காரர் அத லேமினேட் பண்ணலாம்னு கேலி பண்ணுனாரு.

அந்த நகல கைல வச்சிட்டு பேசும்போது ஆபீஸ்ல மரியாதையே வேற. ஓவர்சியர் வந்து டேப் பிடிச்சு அளந்தாரு. வால்வு போட்டாச்சு, இப்போ ஒண்ணு விட்டு ஒரு நாள் காலைல எங்க தெருவுக்கு தண்ணி ஏறுது, வேகம் இல்ல, ஆனா வருது. மாமியார் முதல் நாள் குழாயடில நின்னு பக்கத்து வீட்டம்மாட்ட "எங்க மருமவ எழுதி வாங்குனதாக்கும்"னு சொன்னாங்களாம், எங்கிட்ட நேரா ஒண்ணும் சொல்லல, அது அவங்க சுபாவம்.

தேதி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. 2025ல அக்டோபர் 2 கூட்டம் பூஜை லீவோட வந்ததால 11ஆம் தேதிக்கு மாத்தி வச்சாங்க. தெரியாம 2ஆம் தேதி போனவங்க பூட்டுன கூடத்த பாத்துட்டு வந்தாங்க. அதனால முந்தின வாரமே ஆபீஸ் சுவத்த ஒரு எட்டு பாத்துக்கங்க, அந்த கொசு போஸ்டர் பக்கத்துல. அக்டோபர் கூட்டத்துல எங்க தெருல இருந்து கூடுதல் ஆளுக வந்தாங்க, பக்கத்து தெருக்காரங்களும் அவங்கவங்க காலண்டர் தாளோட வந்தாங்க, கிளார்க் வாசிக்கிற ஸ்பீடு குறைஞ்சிருந்துச்சு. வாசல்ல பைக்ல சாஞ்சவங்கள்ல ஒருத்தர் உள்ள வந்து கடைசி சேர்ல உக்காந்தாரு, பேசல, ஆனா இருந்தாரு.

குறைனு பாத்தா நிறைய இருக்கு. மைக் பின்னாடி வரை கேக்காது. கட்சிக்காரங்க ரெண்டு பக்கமும் வந்து பழைய கணக்க தீக்குறதுக்கு இத மேடையாக்குறாங்க, அதுல அரை மணி நேரம் போயிரும். பொம்பள எழும்புனா "நீ யாரு வீட்டு பிள்ள"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும், பேர சொல்லிட்டு விஷயத்த தொடருங்க, பதில் சொல்ல ஆரம்பிச்சா சொந்தபந்தம் விசாரிச்சே கூட்டம் முடிஞ்சிரும். சாயங்காலம் வச்சா வேலைக்கு போறவங்க வரலாம், காலைல 11ன்னா லீவு இல்லாத நாள்ல எப்படி வாறது, மார்ச் 22 எல்லாம் எனக்கு ஓனர்ட்ட பெர்மிஷன் கேக்கணும்.

நம்ம ஊரு கட்சிக்காரர் ஒருத்தர் ஆகஸ்ட் கூட்டம் முடிஞ்ச மறு வாரம் வீட்டுக்கு வந்தாரு, மகளிரணில ஒரு பொறுப்பு தாறோம், வாறியளான்னு கேட்டாரு. நான் கேட்டது ஒண்ணு தான், அன்னைக்கு திடல்ல மஞ்சப்பையோட பேசுனாரே ஒரு பெரியவர், அவருக்கு என்ன பொறுப்புன்னு. அவரு யாருன்னு இவருக்கு தெரியல. காப்பி குடுத்து அனுப்பிட்டேன். மைனி மட்டும் யோசிக்காங்க, அடுத்த உள்ளாட்சி தேர்தல்ல வார்டுக்கு நிக்கலாமான்னு, சுயேச்சையாவா கட்சியிலயான்னு எங்களுக்குள்ள தெனம் வாக்குவாதம் தான். கட்சி சின்னம் இல்லாம ஜெயிக்க முடியாதுன்னு அவங்க, வார்டு மெம்பருக்கு எப்படியும் கட்சி சின்னம் கிடையாது மைனின்னு நான்.

கடைசியா ஒரு பெரிய குறை, இது பஞ்சாயத்தோட குறை இல்ல. எங்க நாத்தனார் இருக்குறது டவுன் பஞ்சாயத்து, அதாவது பேரூராட்சி ஏரியா. எங்க தெருல தண்ணி ஏறுன கதைய கேட்டுட்டு அவளும் ஒரு தாளு நிறைய எழுதி வச்சிட்டு, "எங்க ஊருல எப்போ மைனி கிராம சபை"ன்னு கேட்டா. அங்க கிடையாது. நம்ம ஜில்லால கிராம ஊராட்சி மட்டும் இல்ல, பேரூராட்சி நிறைய உண்டு, அது போக நகராட்சிகள், நாகர்கோவில் மாநகராட்சி. பாத்தா தோப்பும் வயலும் தான் இருக்கும், ஆனா 2011 சென்சஸ் கணக்குப்படி ஜில்லால நூத்துக்கு 82 பேரு நகர்ப்புறத்துல இருக்காங்க. பேரூராட்சில இருக்குறவங்களுக்கு இந்த 6 நாளும் சாதா நாளு தான். அவங்களுக்காக வார்டு கமிட்டி, ஏரியா சபைன்னு 2022ல விதி கொண்டு வந்தாங்க. அவ வார்டுல அப்படி ஒண்ணு நடந்ததா அவளும் கேள்விப்படல, பக்கத்துல யாருக்கும் தெரியல. இப்போ அவளும் 10 ரூபா ஸ்டாம்பு வாங்கி வச்சிருக்கா, எங்க வார்டு ஏரியா சபை கடைசியா எந்த தேதில கூடுச்சு, அந்த மினிட்ஸ் நகல் வேணும்னு கேக்க. எழுதுனத போன்ல எனக்கு வாசிச்சு காட்டுனா, நல்லா இருந்துச்சு, திங்கக்கிழம ஸ்பீட் போஸ்ட்ல போடுறா.